ஜேர்மன் ஆர்ச்டொப் கிட்டார் யாழ்ப்பாணத்தில் தாங்குமா?

கேள்வி சுருக்கமாக இது. டோர்ட்முண்டில் இருக்கும் பெரியப்பா ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். 1950, 60களில் ஜேர்மனியில் செய்த ஆர்ச்டொப் ஜாஸ் கிட்டார் ஒன்றை வாங்கிக் கையோடு கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார். எந்தப் பெயரைத் தேடுவது, இவ்வளவு பழைய மரம் எங்கள் ஊர்க் காற்றைத் தாங்குமா, அதே காசுக்குப் புதிய கிட்டார் வாங்குவது நல்லதல்லவா?

தம்பி, வாங்கலாம். ஆனால் தேடலைப் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம், கழுத்திலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்து ஜேர்மன் ஆர்ச்டொப்புகளில் பலவற்றுக்கு உடல் இன்னும் சுகமாக இருக்கிறது. தளர்ந்தும் வளைந்தும் போயிருப்பது கழுத்துத்தான். ஜேர்மனியில் அதைத் திருத்த ஆள் தேடுவது சிரமமில்லை. யாழ்ப்பாணத்தில் கதவும் நிலையும் அலுமாரியும் இழைக்கிற கைதேர்ந்த தச்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் வச்சிரப் பசையால் ஒட்டிய கிட்டார்க் கழுத்தை நீராவி காட்டிக் கழற்றி, அரை மில்லிமீட்டர் கணக்கில் கோணம் திருத்தி மீண்டும் பொருத்துவது முற்றிலும் வேறு கைவேலை. இங்கே வந்து இறங்கிய பிறகு கழுத்து கோளாறு என்று தெரிந்தால், அந்தக் கிட்டார் சுவரில் தொங்கும் அலங்காரமாகிவிடும். நல்ல இசைக்கருவி ஒன்றுக்கு அந்த நிலை வருவதை நான் விரும்பவில்லை.

முதலில் இந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் விற்பவர் சொல்வதில் எது மெய், எது அளப்பு என்று பிரிக்கலாம். வயலினைப் போல மேற்பலகையும் பின்பலகையும் வளைந்து எழும்பிய கிட்டாரே ஆர்ச்டொப். தந்திகள் பலகையில் ஒட்டிய பிரிட்ஜில் முடிவதில்லை. ஒட்டாமல் நிற்கும் பிரிட்ஜின் மேலாக ஓடி, கீழ்விளிம்பில் மாட்டிய டெயில்பீஸில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. வீணைக்காரர் குதிரை என்று சொல்வதுதான் இந்த பிரிட்ஜ். நானும் அப்படியே சொல்கிறேன். அமெரிக்காவில் ஓர்வில் கிப்சன் 1890களில் இந்த வழியைத் தொடங்கினார். 1922இல் லொயிட் லோரின் மேற்பார்வையில் வந்த கிப்சன் எல்-5 கிட்டாரில், மேற்பலகையில் f எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளைகளும் சேர்ந்து வடிவம் நிலைத்தது. ஒலிபெருக்கி இல்லாமல், ட்ரம்பெட்டுக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் காதில் விழவேண்டும் என்பதற்காகப் பிறந்த கருவி அது.

ஜேர்மன் கிளையின் வேர் வயலினில் இருக்கிறது. சக்சனியில் மார்க்நொய்கிர்ஹன் என்ற ஊரில் 1677 முதலே வயலின் செய்வோரின் சங்கம் இருந்தது. எல்லைக்கு அப்பால் பொஹீமியாவில் ஷோன்பாஹ் என்ற ஊரும் அதே தொழில் செய்தது. இன்று அது செக் குடியரசிலுள்ள லூபி. 1887இல் கார்ல் ஹொஃப்னர் தம் பட்டறையைத் தொடங்கியது அங்கேதான். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஷோன்பாஹ்வின் ஜேர்மன் மொழிக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பவேரியாவுக்கு வந்தவர்களை, எர்லாங்கனுக்கு அருகில் புபன்ரொய்த் என்ற சிறிய விவசாயக் கிராமம் 1949இல் ஏற்றுக்கொண்டது. அங்கே வீடுகளோடு பட்டறைகளும் எழுந்தன. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையே விட்டு நடந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் எந்த இடத்தில் நெஞ்சு நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊரை இழந்தவர்கள் தொழிலை இழக்காமல் வைத்திருந்ததால்தான் நீங்கள் தேடுகிற கிட்டார் இருக்கிறது. ஒன்றை வாங்கும்போது இதையும் அறிந்து வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பெயர்கள். மிக அதிகமாகச் சந்தையில் கிடைப்பது ஹொஃப்னர். ஜேர்மனியில் 455, 456, 457 என்று எண்களாலும், இங்கிலாந்தில் லண்டன் செல்மர் நிறுவனம் இறக்குமதி செய்தவை கொங்கிரஸ், செனட்டர், பிரெசிடன்ட், கமிட்டி என்று ஏறுவரிசைப் பெயர்களாலும் விற்கப்பட்டன. பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் தொடக்ககாலத்தில் வைத்திருந்தது ஒரு பிரெசிடன்ட். லண்டனில் உறவினர் இருந்தால் அங்கேயும் தேடலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஜேர்மன் மாதிரிகளில் எண்ணுக்குப் பின்னால் ஈ1, ஈ2 என்று இருந்தால் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி அம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் ஒன்று அல்லது இரண்டு பொருத்தியது என்று பொருள்.

அடுத்தது ஃபிராமுஸ். ஃபிரெட் வில்ஃபர் 1946இல் தொடங்கிய நிறுவனம். 1960களில் ஐரோப்பாவின் பெரிய கிட்டார்த் தொழிற்சாலைகளில் ஒன்றாக இருந்து, 70களின் நடுவில் முறிந்தது. இன்று அதே பெயரில் வருபவை 1995க்குப் பிறகு மீட்டெடுத்தவை. நிறுவனரின் மகனின் வார்விக் நிறுவனம் மார்க்நொய்கிர்ஹனில் அதை நடத்துகிறது. பழைய ஃபிராமுஸில் எனக்குப் பிடித்தது அதன் கழுத்து. பல மாதிரிகளில் மெல்லிய மரத்தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்திருப்பார்கள். ஒற்றை மரத்துண்டைப் போல இது எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஈரமும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் ஊருக்கு இது பெரிய பாக்கியம். ஹங்கேரிய ஜாஸ் கலைஞர் அத்தில்லா சொல்லரின் பெயரிலும் ஃபிராமுஸ் ஒரு மாதிரி செய்தது. அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள், இந்தக் கிட்டார்களால் என்ன முடியும் என்று புரியும். ஃபிராமுஸின் இன்னொரு வசதி, தொடர் எண்ணின் இரண்டாம் பகுதியில் ஆண்டு இருப்பது: 63 என்றால் 1963, அதன்பின் வரும் எழுத்து மாதத்தைக் குறிக்கும். விற்பவர் "ஐம்பதுகளின் ஆரம்பம்" என்று சொன்னால் அந்த எண்ணின் படத்தைக் கேளுங்கள்.

ஹொயர், கிளீரா ஆகியவையும் அதே வட்டாரத்தில் உருவானவை. கிழக்கு ஜேர்மனியில், மார்க்நொய்கிர்ஹனிலிருந்து மியூசிமா என்ற அரச நிறுவனத்தின் கிட்டார்கள் வந்தன. விலை குறைவு, தரம் ஒரே சீராக இருக்காது. உச்சியில் இரண்டு பெயர்கள் நிற்கின்றன: ஆர்ட்டூர் லாங், ரோஜர். ரோஜர் என்பது வென்ஸல் ரோஸ்மைஸ்ல் தம் மகனின் பெயரைச் சூட்டிச் செய்த கிட்டார். அந்த மகன் 1950களில் அமெரிக்கா சென்று, ரிக்கன்பேக்கரிலும் பின்னர் ஃபெண்டரிலும் கிட்டார்களை வடிவமைத்தார். ரோஜர் கிட்டாரின் விளிம்பை ஒட்டி உட்பக்கமாக ஒரு பள்ளம் ஓடும். அதைக் கண்டால் கண் தானாக நிற்கும். இவை பல ஆயிரம் யூரோ விலை போகும் கருவிகள். உங்கள் முதல் ஆர்ச்டொப்பாக இவற்றை நினைக்கவே வேண்டாம். சாதாரண ஹொஃப்னர், ஃபிராமுஸ் மாதிரிகள் சில நூறு யூரோவிலிருந்து கிடைக்கின்றன. அதற்குள்ளேயே உயிருள்ள கருவிகள் இருக்கின்றன.

பெரியப்பாவுக்கு ஒரு சொல் சொல்லிக்கொடுங்கள்: ஷ்லாக்கிட்டாரே. ஜேர்மன் விளம்பரங்களில் ஆர்ச்டொப் அந்தப் பெயரில்தான் கிடக்கும். கிளைன்அன்சைகன் என்ற விளம்பரத் தளத்தில் அந்தச் சொல்லைத் தட்டி, டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் தேடட்டும். தபாலில் வரவழைக்க வேண்டாம். நேரில் போய்ப் பார்க்க ஒருவர் இருப்பதுதான் உங்களுடைய பெரிய பலம்.

அவர் கிட்டார் வாசிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு டோர்ச், ஓர் அடிமட்டம், ஒரு சிறு கண்ணாடி, கைத்தொலைபேசி போதும். நீங்கள் வீடியோ அழைப்பில் இருங்கள். முதலில் தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நீளத்துக்கு ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு ஓரங்களும் ஒன்றுக்கொன்று முறுக்காமல் போகவேண்டும். முறுக்கிய கழுத்தென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு தடித்த தந்தியை முதலாவது ஃபிரெட்டிலும் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடித்து, நடுவில் இடைவெளி பார்க்கவேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் உராய்ந்து நுழைகிற அளவு சரி. அதற்கு மேல் என்றால் கழுத்து முன்னோக்கி வில்லாக வளைந்திருக்கிறது. உள்ளே டிரஸ் ரொட் என்ற இரும்புக் கோல் இருந்தால் அதைத் திருகி நிமிர்த்தலாம். ஆனால் 1950களின் ஜேர்மன் கிட்டார்களில் பலவற்றுக்கு அந்தத் திருகும் வசதியே இல்லை. எனவே அந்தக் காலத்துக் கருவியில் கழுத்து இப்போது நேராக இருக்கிறதா என்பதே கேள்வி. பிறகு நேராக்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்த சோதனை இதைவிட முக்கியம். 12ஆவது ஃபிரெட்டின் மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அடிமட்டத்தால் அளக்க வேண்டும். மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டர் சுற்றிலும், தடித்ததற்கு 2.5 சுற்றிலும் இருந்தால் சுகம். அளந்த கையோடு குதிரையைப் பாருங்கள். அதன் இரு பக்கமும் உயர்த்தித் தாழ்த்தும் சிறு சக்கரங்கள் இருக்கும். தந்தி உயரம் சரியாக இருந்து, குதிரையைத் தாழ்த்த இன்னும் இடம் மிச்சம் இருந்தால், கழுத்துக் கோணம் நலம். சக்கரங்களைக் கடைசிவரை இறக்கியும் தந்தி 3 மில்லிமீட்டருக்கு மேலே நின்றால், அல்லது குதிரையின் மரத்தையே யாரோ அரத்தால் தேய்த்து மெலிதாக்கியிருந்தால், கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது. விற்பவர் "கொஞ்சம் செட்டப் செய்தால் சரியாகிவிடும்" என்பார். ஆகாது. கழுத்தைக் கழற்றிப் பொருத்தாமல் அதற்கு வேறு வழி கிடையாது.

கழுத்தின் அடிக்குதி உடலைத் தொடும் இடத்தில் ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பார்க்கட்டும். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. அங்கே திருகாணி ஒன்று தலை காட்டினால், பழைய உரிமையாளர் ஒருவர் பசைக்குப் பதிலாக இரும்பால் சமாளித்திருக்கலாம். சில ஃபிராமுஸ் மாதிரிகளில் மட்டும் கழுத்து தொழிற்சாலையிலேயே திருகாணியால் பொருத்தப்பட்டது. மேற்பலகையை விரல் மூட்டால் பல இடங்களில் மெதுவாகத் தட்டினால் ஒரே சீரான ஓசை வரவேண்டும். கிரகிரவென்று எதிரொலித்தால் உள்ளே தாங்கு சட்டம் ஒன்று பிடி விட்டிருக்கிறது. எஃப் துளையின் முனைகளிலும் குதிரையின் கால்களுக்குக் கீழேயும் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்குப் பக்கத்தில், முதலாவது ஃபிரெட்டுக்கும் முன்னால், சுழி ஃபிரெட் ஒன்று பல ஜேர்மன் கிட்டார்களில் இருக்கும். அது தேய்ந்திருப்பதும், தந்தியை முறுக்கும் பழைய டியூனர்கள் இறுகியிருப்பதும் சிறிய விடயம். ஹொஃப்னர் குதிரையில் தந்தி உட்காரும் இடத்தில் ஃபிரெட் கம்பியின் சிறு துண்டுகள் செருகியிருப்பதைக் கண்டு யாரோ ஒட்டுவேலை செய்துவிட்டார்கள் என்று பயப்படத் தேவையில்லை. அது அவர்களுடைய அசல் முறை.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய கேள்வி. முழு ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து செதுக்கிய மேற்பலகையா, பிளைவூட்டை அச்சில் அழுத்தி வளைத்ததா? இரண்டுக்கும் நடுவில் முழு மரப்பலகையைச் சூட்டில் வளைத்த மூன்றாவது இனமும் உண்டு. எஃப் துளையின் வெட்டு விளிம்பைக் கிட்டப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மேலே தெரியும் மரநார்க் கோடுகள் தடிப்பினூடாக அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். அடுக்குகள் தெரிந்தால் பிளைவூட். உலகம் முழுவதும் செதுக்கியதைத்தான் உயர்வாகச் சொல்வார்கள். தொனியின் ஆழத்தில் அது உண்மை. விரலுக்கு உடனே பதில் சொல்லும் பலகை அது. ஆனால் யாழ்ப்பாணத்தில் குளிரூட்டி இல்லாத வீட்டில் வைத்து வாசிக்கப்போகிற ஒருவருக்கு, நல்ல கழுத்துள்ள பிளைவூட் ஹொஃப்னரையோ ஃபிராமுஸையோதான் நான் தயங்காமல் சொல்வேன். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நாருக்குக் குறுக்காக வீங்குகிறது; பிளைவூட்டில் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே பிடித்திருப்பதால் அந்த வீக்கம் அடங்கிவிடுகிறது. அம்ப் என்ற ஒலிபெருக்கியில் மாட்டி வாசிக்கும்போது ஊளையிடும் தொல்லையும் பிளைவூட்டில் குறைவு. மேலும் 1950களின் நல்ல பிளைவூட் கிட்டார், அம்ப் இல்லாமலே ஒரு கூடத்தை நிரப்பும். மின்சாரம் போன இரவில் அதை மடியில் வைத்து ஒரு ஸ்விங் தாளம் பிடித்துப் பாருங்கள், பிறகு யாரும் உங்களிடம் பிளைவூட்டைக் குறைத்துப் பேச முடியாது.

விளிம்புப் பட்டியையும், மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பிக்கார்டையும் தனியாகக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இவை செலுலொயிட்டால் ஆனவை. செலுலொயிட் முதிர்ந்து சிதையத் தொடங்கினால் வெடித்து உதிரும். அதிலிருந்து எழும் ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரிக்கும். பெட்டியைத் திறந்ததும் காரமான நெடி அடித்து, டெயில்பீஸிலும் பிக்கப்பிலும் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் காரணம் அதுதான். சூடு இதை விரைவுபடுத்தும். எங்களிடம் சூட்டுக்குக் குறைவில்லை. பிக்கார்ட் மட்டும் சிதைந்திருந்தால் கழற்றி எறிந்துவிட்டு வாங்கலாம். உடலைச் சுற்றிய பட்டி முழுவதும் நொறுங்குகிறது என்றால் வேறு கிட்டார் பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விடயம் ரோஸ்வுட். 2017 ஜனவரியில் எல்லா ரோஸ்வுட் இனங்களும் அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலுக்குள் வந்தன. 2019 நவம்பர் முதல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. அது 1992 முதல் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. பழைய ஜேர்மன் கிட்டார்களின் விரற்பலகை சிலவற்றில் அந்த மரம்தான். விளம்பரத்தில் அதன் ஜேர்மன் பெயரான "ரியோ பாலிசாண்டர்" என்று பெருமையாகப் போட்டிருந்தால், உங்களுக்கு அது பெருமையல்ல, ஆவண வேலை. போன் நகரிலுள்ள ஜேர்மன் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அதை நாட்டைவிட்டுக் கொண்டுவர முயல வேண்டாம். ஓகஸ்டுக்குள் முடியவேண்டும் என்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுவதே நல்லது. கட்டுநாயக்கவில் சுங்கத்தினர் கேட்டால் காட்ட, விலை எழுதிய பற்றுச்சீட்டைப் பெரியப்பா கையில் வைத்திருக்கட்டும். இங்கே வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். சுங்கத் தீர்வையும் சேரக்கூடும். அந்தக் காசையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.

பயணத்துக்குக் கடினமான பெட்டி கட்டாயம். தந்திகளை ஒன்றிரண்டு சுரம் இறக்கினால் போதும்; முற்றாகத் தளர்த்தினால் குதிரை விழுந்து பலகையைக் கீறும். குதிரையின் கால்கள் நிற்கும் இடத்தை மெல்லிய ஒட்டுநாடாவால் முன்கூட்டியே அடையாளம் வைக்கவேண்டும். பெட்டிக்குள் தலைப்பகுதிக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்து, அது ஆடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானப் பொதிகளில் முதலில் முறிவது அந்த இடம். கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீட்டருக்கும் மேல். இரவு பஸ்ஸின் அடிப்பொதியறையில் போடாமல், ரயிலிலோ வானிலோ ஆளோடு ஆளாக உள்ளே கொண்டுவாருங்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மணிநேரம்கூட விடக்கூடாது. அந்தச் சூட்டில் வச்சிரம் இளகும், தந்தியின் இழுவை கழுத்தை முன்னே கொண்டுபோய்விடும். நேராக வாங்கிய கழுத்தை வவுனியாவில் தேநீர் குடித்த நேரத்தில் இழக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் அறையில் வைத்து, பிறகு திறவுங்கள். ஜேர்மனியில் குளிர்காலத்து ஹீட்டர் காற்றில் உலர்ந்து பழகிய மரம் இது. இங்கே வந்ததும் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். மேற்பலகை கொஞ்சம் எழும்பும், தந்தியும் எழும்பும். முதல் சில வாரங்களில் இது நடப்பது இயல்பு. குதிரைச் சக்கரத்தைச் சிறிது தாழ்த்துங்கள், வேறு எதிலும் கை வைக்காதீர்கள். ஓகஸ்டில் சோளகக் காற்று அடிக்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். உண்மையான பரீட்சை ஒக்ரோபரில் மாரி தொடங்கும்போது வரும். எங்கள் மழையில் பெரும்பகுதி டிசம்பருக்குள் பெய்துவிடும். அந்த மூன்று மாதமும் ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். சிறிய டிஜிட்டல் கருவி போதும். கிட்டார்கள் விரும்புவது 45 முதல் 55 வீதம். இங்கே அந்த எண்ணை எதிர்பார்த்துக் கவலைப்படாதீர்கள். 65ஐத் தாண்டாமல் வைத்திருந்தாலே வெற்றி. 49 வீத ஈரச் சமநிலைப் பைகள் கிடைக்கின்றன, நல்லவை. அவை கிடைக்காவிட்டால் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, கிழமைக்கு ஒருமுறை எடுத்துச் சூட்டில் உலர்த்தித் திரும்ப வையுங்கள்.

ஆனால் மாரி முழுவதும் பெட்டிக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். அடைத்த பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பெட்டியின் உட்துணியிலிருந்து கிட்டாருக்கு ஏறும். நாள்தோறும் எடுத்து வாசிப்பதுதான் சிறந்த பராமரிப்பு. வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். மழையில் நனைந்த சுவர் இரவெல்லாம் ஈரம் விடும். ரப்பர் பூசிய ஸ்டாண்டில் நிறுத்தவும் வேண்டாம். பழைய நைட்ரோ வார்னிஷை ரப்பர் இளக்கி ஒட்டிப் பிடிக்கும். ஸ்டாண்டின் கைகளைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் சுற்றிவிடுங்கள். குளிரூட்டிய அறை இருந்தால் அங்கேயே எப்போதும் வையுங்கள், அல்லது ஒருபோதும் வைக்காதீர்கள். பகலில் குளிரும் வறட்சியும், இரவில் வெக்கையும் ஈரமும் என்று அலைக்கழிப்பதுதான் மரத்தை வெடிக்க வைக்கிறது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசுகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். அது காய்வதில்லை, தூசியைப் பிடித்துச் சிக்காகிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்தால் போதும்.

தந்தி விடயத்தில் நான் பிடிவாதமானவன். ஆர்ச்டொப்புக்கு ஃபிளட்வுண்ட் போடுங்கள், அதாவது தட்டையான நாடாவால் சுற்றிய தந்தி. வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனம் செய்யும் ஜாஸ் ஸ்விங் தொகுதிகளும், புபன்ரொய்த்திலேயே செய்யும் பிரமிட் தந்திகளும் இந்தக் கருவிகளோடு கூடப் பிறந்தவை போல ஒலிக்கும். எங்களுக்கு இதில் தனி நன்மையும் உண்டு: கடற்காற்றில் சாதாரண வட்டச்சுற்றுத் தந்தி சில கிழமைகளில் கறள் பிடித்துக் கரகரக்கும், தட்டைச் சுற்றில் உப்பும் வியர்வையும் தங்கப் பள்ளம் இல்லாததால் பல மாதம் நிற்கும். பெரியப்பா வரும்போது இரண்டு தொகுதி சேர்த்து வாங்கி வரட்டும். டிரஸ் ரொட் இல்லாத கழுத்தென்றால் 11 என்ற மெல்லிய அளவில் தொடங்குங்கள், ஒரு மாரி தாண்டியும் கழுத்து அசையவில்லை என்றால் அதைவிடத் தடித்த 12க்கு ஏறலாம்.

குதிரை ஒட்டப்படாதது என்பதால் சுருதிக்கு அதன் இடம் நீங்கள் வைப்பதுதான். 12ஆவது ஃபிரெட்டில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டி வரும் மணிச்சுரமும், அங்கேயே அழுத்தி மீட்டும் சுரமும் ஒன்றாக வரவேண்டும். அழுத்திய சுரம் கூடினால் குதிரையை டெயில்பீஸ் பக்கம் ஒரு மயிரளவு நகர்த்துங்கள், குறைந்தால் மறுபக்கம்.

புதிய கிட்டாரா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், நீங்கள் எதை வாசிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்யாண வீட்டில் மெல்லிசைக் குழுவோடு எல்லாப் பாட்டும் வாசிக்க வேண்டும், கமகம் இழுக்க வேண்டும், சத்தமான மேடை என்றால் புதிய ஆசியத் தயாரிப்பு ஒன்றே உதவும். ஆர்ச்டொப்பின் சுரம் விரைவாக எழுந்து விரைவாக அடங்கும். தடித்த ஃபிளட்வுண்ட் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பது விரலுக்கு வேதனை. பல ஜேர்மன் கழுத்துகள் ஒடுங்கியவை, நட்டில் 42 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. உங்கள் விரல்கள் பெரியவை என்றால், பெரியப்பாவிடம் அதையும் அளக்கச் சொல்லவேண்டும். ஆனால் ஸ்விங், பொசநோவா, மெதுவான ஜாஸ் பாட்டுகளின் கோர்டுகள், ஆலயப் பாடகர் குழுவுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும் தாளம் ஆகியவை உங்கள் மனதில் இருந்தால், அந்தத் தொனியை அதே விலையுள்ள புதிய கருவியில் நான் கேட்டதில்லை.

அம்ப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிக்கப் இல்லாத அக்குஸ்டிக் மாதிரி கிடைத்தால் மேற்பலகையில் ஓட்டை போட யாரையும் விடாதீர்கள். கழுத்தின் முனையிலோ பிக்கார்டிலோ தொங்கும் மிதவைப் பிக்கப் ஒன்றைப் பொருத்தலாம், பிறகு கழற்றினால் தடயமே இருக்காது. ஜேர்மனியில் வாங்கும் சிறிய அம்ப் இங்கேயும் நேரடியாக வேலை செய்யும், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றவேண்டும். ஊளை வந்தால் எஃப் துளைக்குள் சிறிய ஸ்பொஞ்ச் துண்டை வைத்து, அம்ப்பை உங்களுக்குப் பின்னால் அல்லாமல் பக்கவாட்டில் வையுங்கள். படங்கள் கைக்கு வந்ததும், வாங்குவதற்கு முன் 12ஆவது ஃபிரெட்டின் அளவையும் குதிரையின் பக்கவாட்டுப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.